ஜனவரி ஆர்லாண்டோ: ஸ்வெட்டரும் வேணும், அரைக்கால் டவுசரும் வேணும்... பெட்டியில எதை வைக்கறது?

கடைசிபெஞ்ச்:
ஜனவரி மூணாவது வாரம் குடும்பத்தோட ஆர்லாண்டோ (அமெரிக்காவுல ஃப்ளோரிடா). டிஸ்னியோட நாலு பார்க், அதுக்கப்புறம் யுனிவர்சல். நாங்க ரெண்டு பேர், ஏழு வயசுப் பையன், ஒன்றரை வயசுப் பாப்பா, மாமியார் (68 வயசு, அங்க போய் வீல்சேர் எடுத்துக்கலாம்னு இருக்கோம்). ஆப்ல ஒரு நாள் 26 டிகிரி காட்டுது, ரெண்டு நாள் தள்ளிப் பார்த்தா 12. ஆளுக்கு ஒரு தடி ஜாக்கெட் வச்சாலே பெட்டி ரொம்பிடும். விஷயம் தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க. செல்சியஸ்ல சொன்னா புண்ணியம்.

வாடைக்காற்று:
முதல்ல அந்த ஊர்க் குளிர் எப்படி வருதுன்னு புரிஞ்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது. ஜனவரி சராசரி பகல்ல 22, ராத்திரி 10 பக்கம். ஆனா அந்தச் சராசரியை நம்பி துணி எடுக்காதீங்க. வடக்கேயிருந்து கோல்டு ஃப்ரண்ட் (குளிர்ந்த காத்துக் கூட்டத்தோட முன்முனை) ஒண்ணு மாத்தி ஒண்ணு இறங்கிட்டே இருக்கும். ஒவ்வொண்ணும் ஏறக்குறைய இதே வரிசையில நடக்கும்:

ஃப்ரண்ட் வர்றதுக்கு முந்தின நாள் தெற்குக் காத்து, புழுக்கம், 26-27 வரைக்கும்கூடப் போகும். ஃப்ரண்ட் கடக்கும்போது சில மணி நேரம் மழை, சில சமயம் இடி. அது போனதும் வடமேற்குக் காத்து பலமா அடிக்கும், வானம் பளிச்சுனு இருக்கும், வெயில் இருந்தும் 13-14ஐத் தாண்டாது. அதுக்கடுத்த ராத்திரி காத்து அடங்கி, மேகமும் இல்லாததால தரையில இருக்கிற சூடு மேல போயிடும். மறுநாள் விடியற்காலைதான் பெரும்பாலும் ரொம்பக் குளிர். 3-4 டிகிரிக்கு இறங்குறது அதிசயம் இல்லை, பனி உறையுற அளவுக்குப் போறதும் உண்டு. அப்புறம் ரெண்டு மூணு நாள்ல பழையபடி சூடேறும்.

அதனால பத்து நாளுக்கு முன்னாடி ஆப் காட்டுற எண்ணை வச்சுப் பெட்டி கட்டாதீங்க. ஃப்ரண்ட் எந்த நாள் கடக்கும்னு அஞ்சு நாளுக்குள்ள வந்தாத்தான் ஓரளவு தெரியும். பார்க்க வேண்டியது அமெரிக்க தேசிய வானிலை சேவையோட மணிக்கணக்கு முன்னறிவிப்பு. அதுல வெப்பநிலையைவிடக் காத்து வேகத்தை கவனிங்க. 5 டிகிரியில மணிக்கு 25 கிமீ காத்து அடிச்சா உடம்புக்கு 0-1 டிகிரி மாதிரிதான் இருக்கும்.

அங்க போனா எல்லாம் ஃபாரன்ஹீட். 40ன்னா 4, 50ன்னா 10, 60ன்னா 16, 70ன்னா 21. இந்த நாலு போதும்.

மூட்டைமுடிச்சு:
வாடைக்காற்று சொன்னது சரி. பெட்டி கட்டுற கோணத்துல ஒண்ணு சேர்க்கறேன். தீம் பார்க்ல எதைப் போட்டுக்கறதுங்கறது சுலபம். கழட்டினதை எங்க வைக்கறதுங்கறதுதான் தலைவலி. காலையில 7 டிகிரியில உள்ள நுழையறீங்க, மதியம் 20. அஞ்சு பேரோட அஞ்சு தடி ஜாக்கெட் கைக்கு வந்துடும். ஸ்ட்ரோலர் (குழந்தைத் தள்ளுவண்டி) கூடை நிறையும், மிச்சத்தை யாராவது ஒருத்தர் சுமக்கணும். இடுப்புல கட்டிக்கிட்டா ரைடுல மடிமேல இறங்குற கம்பி சரியா உக்காராது, அவிழ்க்கச் சொல்லுவாங்க.

அதனால தேர்வுக்கு ஒரே விதிதான்: மேல் உடம்புக்கு எடுக்கற ஒவ்வொரு துணியும் ஒரு லிட்டர் பாட்டில் அளவுக்குச் சுருங்கணும். அப்படிப் பார்த்தா ஆளுக்கு:

– உள்ளே பாலியஸ்டர் அல்லது மெரினோ கம்பளி டீஷர்ட், அரைக்கை. பருத்தி வேண்டாம். மதியம் வேர்த்து நனைஞ்சது சாயங்காலம் வரைக்கும் காயாது, ஆறு மணிக்கு மேல அதுவே குளிரும்.
– அதுக்கு மேல மெல்லிசு ஃப்ளீஸ், ஜிப் வச்சது. 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி இத்தனை கிராம்னு கணக்கு) போதும். 200 எடுத்தா சூடு அதிகம், ஆனா பையில பாதி அதுக்கே போயிடும்.
– எல்லாத்துக்கும் மேல தொப்பி வச்ச விண்ட்சீட்டர். மழையும் தாங்கணும்னா தையல் மேல டேப் ஒட்டியிருக்கான்னு உள்பக்கம் திருப்பிப் பாருங்க. டேப் இல்லேன்னா துணி வாட்டர்ப்ரூஃபா இருந்தும் தோள் தையல் வழியா தண்ணி இறங்கும்.
– 5 டிகிரிக்குக் கீழ போற விடியலுக்கு மட்டும், தன் பாக்கெட்டுக்குள்ளேயே மடங்குற மெல்லிசு பஃபர் (உள்ள நிரப்பு அடைச்ச ஜாக்கெட்). அது ஃப்ளீஸுக்கும் விண்ட்சீட்டருக்கும் நடுவுல.

தடி குளிர்கோட்டு யாருக்கும் வேண்டாம்.

ரெண்டுபிள்ளைஅம்மா:
பஃபர் விஷயத்துல கொஞ்சம் மாறுபடறேன். உள்ள வாத்து இறகு இருக்கறதா இருந்தா குழந்தைகளுக்கு வாங்காதீங்க. நனைஞ்சா கட்டியாயிடும், சூடும் போச்சு, ஹோட்டல் டிரையர்ல குறைஞ்ச சூட்டுல ரொம்ப நேரம் சுத்தணும். செயற்கை நிரப்பு நனைஞ்சாலும் ஓரளவு சூடு குடுக்கும், சீக்கிரமும் காயும்.

இன்னொண்ணு, யாரும் சொல்லாதது. கார்ல போகும்போது குழந்தை இருக்கையில தடி ஜாக்கெட்டோட பெல்ட் போடாதீங்க. பஞ்சு அமுங்குற அளவுக்கு பெல்ட் தளர்ந்துதான் இருக்கும், மோதல்ல குழந்தை வெளிய வழுக்கிடும். ஜாக்கெட்டைக் கழட்டி, பெல்ட் போட்டு, தோள்கிட்ட பெல்ட்டை விரலால கிள்ளிப் பாருங்க. மடிப்பு பிடிபடக் கூடாது. அப்புறம் ஜாக்கெட்டைத் திருப்பி முன்பக்கமா போர்த்துங்க. ஃப்ளோரிடாவுல 3 வயசு வரைக்கும் தனி இருக்கை கட்டாயம், 4-5 வயசுக்கு அதுவோ பூஸ்டரோ (குழந்தையை உயர்த்தி உக்கார வைக்கிற இருக்கை). உங்க பையனுக்கு ஏழு, சட்டப்படி வேண்டாம், ஆனா உயரம் போதலேன்னா பூஸ்டர்ல உக்கார வைக்கறதுதான் பத்திரம்.

கடைசிபெஞ்ச்:
நன்றி. காலுக்கு என்ன? எல்லாருக்கும் தெர்மல் வாங்கலாம்னு இருந்தேன். ஜீன்ஸ் இருக்கு.

மூட்டைமுடிச்சு:
ஜீன்ஸை விமானத்துக்குப் போட்டுக்கங்க, பார்க்குக்கு வேண்டாம். நனைஞ்ச ஜீன்ஸ் 12 டிகிரியில ராத்திரி வரைக்கும் காயாது, நடக்க நடக்கத் தொடை உரசிப் புண்ணாயிடும்.

தெர்மல்ல ஒரு சிக்கல் இருக்கு. மேல போட்டதை லைன்ல நின்னுக்கிட்டே கழட்டலாம். கீழ போட்ட தெர்மலைக் கழட்டணும்னா கழிவறைக்குப் போய், ஷூ கழட்டி, பேன்ட் கழட்டி, ஈரத் தரையில சாக்ஸோட நின்னு... ஏழு வயசுப் பையனோட இதைப் பண்ணவே முடியாது. மதியம் 20 டிகிரியில அவன் நமநமன்னு அழுவான்.

அதுக்கு மாத்து: கணுக்கால்ல நீள ஜிப் வச்ச, காத்து புகாத மெல்லிசு டிராக் பேன்ட். சாதாரண மெல்லிசு பேன்ட் மேல காலையில மாட்டி, பத்தரை பதினொண்ணுக்கு ஷூ கழட்டாமலேயே உருவிடலாம். ஜிப் முழங்கால்கிட்ட வரைக்கும் திறக்குதான்னு பார்த்து வாங்குங்க. சின்ன ஜிப்னா குதிகால்ல மாட்டிக்கும்.

தெர்மல் யாருக்கு வேணும்னா உங்க மாமியாருக்கு. நாள் பூரா உக்கார்ந்திருக்கறவங்க.

சக்கரவண்டி:
அதேதான் சொல்ல வந்தேன். வீல்சேர், ஸ்ட்ரோலர் ரெண்டுலயும் நடக்கற தப்பு ஒண்ணுதான். தள்ளுறவர் உடம்பு சூடா இருக்கும், தனக்குக் குளிரலேன்னு ஜாக்கெட்டைக் கழட்டுவார், உக்கார்ந்திருக்கறவங்களுக்கும் அதே கணக்கு போடுவார். அசையாம இருக்கிற உடம்பு சூடு கம்மியாத்தான் உண்டாக்கும். தள்ளுறவரைவிட ஒரு அடுக்கு கூடுதல், இதுதான் அளவு. பாப்பாவுக்குக் கையைத் தொட்டுப் பார்க்காதீங்க, கை எப்பவும் சில்லுனுதான் இருக்கும். பிடரியில ரெண்டு விரலை உள்ள விட்டுப் பாருங்க. வெதுவெதுப்பா, வேர்வையில்லாம இருந்தா சரி. ஈரமா இருந்தா ஒண்ணைக் கழட்டுங்க.

ஸ்ட்ரோலருக்கு போர்வை வேண்டாம். பாப்பா உதைச்சுத் தள்ளும், நுனி முன்சக்கரத்துல சுத்தும். கால் முழுக்க மூடுற பை மாதிரி உறை கிடைக்குது, இருக்கை பெல்ட் அதுக்குள்ள நுழையும். போர்வைதான் இருக்குன்னா ரெண்டு பக்கமும் பெரிய கிளிப் போட்டு இறுக்குங்க. மாமியார் மடிப்போர்வைக்கும் அதே: முழங்காலுக்குக் கீழ தொங்கக் கூடாது, ஓரத்தைத் தொடைக்கு அடியில செருகணும்.

மழை உறை வாங்கும்போது ரெண்டு பக்கமும் காத்து ஓட்டை இருக்கணும். மழை நின்னதும் உடனே கழட்டுங்க. வெயில் வந்தா பிளாஸ்டிக் உள்ள சூடு கிடுகிடுன்னு ஏறும். எந்தக் காரணத்துக்கும் ஸ்ட்ரோலரைத் துணியால முழுசா மூடாதீங்க.

நிறையப் பேர் தவறவிடறது: ரைடுக்கு முன்னாடி ஸ்ட்ரோலரை வெட்டவெளி நிறுத்துமிடத்துல விட்டுட்டுப் போகணும். நீங்க உள்ள ஒரு மணி நேரம் நிப்பீங்க, வெளிய மழை கொட்டும். வரும்போது இருக்கை பஞ்சு முழுக்கத் தண்ணி. அன்னிக்கு அது காயாது. ஃப்ரண்ட் கடக்கிற நாள்ல வானம் எப்படி இருந்தாலும், நிறுத்தும்போது உறையை மாட்டிட்டுத்தான் போகணும். ஊழியர்கள் வண்டிகளை நகர்த்தி ஒழுங்குபடுத்துவாங்க, அதனால கைப்பிடியில பளிச்சுனு ஒரு ரிப்பன் கட்டுங்க.

அளவு: டிஸ்னியில ஸ்ட்ரோலர் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்கு மேல போகக் கூடாது. இழுத்துட்டுப் போற வேகன் வண்டிக்கு அனுமதியே இல்லை.

ப்ளூசட்டை:
இவ்வளவு எதுக்கு? ஆளுக்கு ஒரு குடை, ஒரு ஸ்வெட்டர். குளிரினா அங்கேயே வாங்கிக்கலாம்.

வாடைக்காற்று:
@ப்ளூசட்டை, குளிரினா வாங்கலாம்னு நினைக்கிற எல்லாரும் அதே நாள் காலையில அதே கடைக்குத்தான் வருவாங்க. குழந்தை அளவு முதல்ல தீரும். குழந்தைக் கையுறையும் குல்லாவும் ஊர்லேருந்தே எடுத்துட்டுப் போறதுதான் புத்திசாலித்தனம், எடையும் ஒண்ணுமில்லை. பெரியவங்க ஸ்வெட்ஷர்ட் வேணா அங்க வாங்கிக்கலாம், அதுவும் பார்க் உள்ள வாங்காம வெளியில வாங்கினா பர்ஸ் தப்பிக்கும்.

குடை உள்ள அனுமதிதான். ஆனா ஃப்ரண்ட் மழை காத்தோட வரும், குடை திரும்பிக்கும். ஸ்ட்ரோலர் தள்ளுறவருக்குக் குடை பிடிக்கக் கையும் இல்லை. போன்சோதான் (தலை வழியா மாட்டுற மழை அங்கி) சரி.

ரெண்டுபிள்ளைஅம்மா:
போன்சோவுலயும் வித்தியாசம் இருக்கு. ஒரு தடவை போட்டுத் தூக்கிப் போடற மெல்லிசு பிளாஸ்டிக், காத்துல கிழியும், பக்கவாட்டுல பறக்கும். பக்கத்துல பட்டன் வச்ச, கொஞ்சம் கனமானது எடுங்க. ஆளுக்கு ஒண்ணு, அதுக்கு மேல மொத்தமா ரெண்டு மெல்லிசு உபரி. அந்த உபரி மழைக்கு இல்லை: ஈரமான பெஞ்சுல விரிக்கவும், பாப்பாவுக்கு டயபர் மாத்தும்போது கீழ போடவும்.

கண்ணாடி போட்டவங்க போன்சோ தொப்பிக்கு உள்ள முன்விளிம்பு வச்ச கேப் போட்டுக்கங்க. மழை கண்ணாடியில விழாது, தலையைத் திருப்பினா தொப்பியும் கூடவே திரும்பும்.

மழை இல்லாத குளிர் நாள்லயும் போன்சோ பையில இருக்கட்டும். விண்ட்சீட்டர் மறந்தவங்களுக்குக் காத்தைத் தடுக்க அதுவே ஆகும். சாயங்காலம் வாணவேடிக்கைக்காக ஒரு மணி நேரம் தரையில உக்காரும்போது தேவைப்படும்.

கடைசிபெஞ்ச்:
தண்ணி ரைடுங்க? வாட்டர் பார்க் டிக்கெட்டும் சேர்த்து எடுக்கலாமான்னு யோசனை.

சக்கரவண்டி:
ஜனவரியில வாட்டர் பார்க்கை நம்பிக் காசு போடாதீங்க. குளிர் நாள்ல மூடிடுவாங்க. டிஸ்னியோட ரெண்டு வாட்டர் பார்க்ல குளிர்காலத்துல பெரும்பாலும் ஒண்ணுதான் திறந்திருக்கும். ஹோட்டல் நீச்சல்குளம் சூடாக்கினதுதான், அதனால நீச்சல் உடை ஆளுக்கு ஒரு செட் எடுங்க. தண்ணிக்குள்ள சுகம், வெளிய வந்து அறைக்கு நடக்கிற அஞ்சு நிமிஷம்தான் நடுக்கம். தொப்பி வச்ச துண்டு பையனுக்கு இருந்தா நல்லது.

பார்க்குள்ள இருக்கிற தண்ணி ரைடுங்க: டிஸ்னியோட மேஜிக் கிங்டம்ல டியானாஸ் பேயூ அட்வெஞ்சர் முன்வரிசைக்குத் தெறிக்கும். அனிமல் கிங்டம்ல காளி ரிவர் ராபிட்ஸ் முழுக்க நனைக்கும், ஜனவரி வாக்குல பராமரிப்புக்கு மூடவும் வாய்ப்பு அதிகம். யுனிவர்சல்ல பாப்பாய் படகு ரைடுல யாரும் நனையாம வெளிய வர முடியாது. இதுங்களை 22க்கு மேல போற நாள்ல, ஒரு மணிலேருந்து மூணு மணிக்குள்ள வச்சுக்கங்க. சூரியன் ஆறு மணிக்குள்ளேயே மறைஞ்சிடும். நாலு மணிக்கு நனைஞ்ச ஷூ அன்னிக்குக் காயாது.

மூட்டைமுடிச்சு:
ஷூ வந்துடுச்சு, பேசிடுவோம். ஆளுக்கு ரெண்டு ஜோடி, ரெண்டுமே ஏற்கெனவே போட்டுப் பழகினது. வலைத்துணி மேற்புறம் வச்சது குளிர் காத்துல விரலை உறைய வைக்கும், ஆனா நனைஞ்சா சீக்கிரம் காயும். வாட்டர்ப்ரூஃப் சவ்வு வச்சது அதுக்கு நேரெதிர், கணுக்கால் வழியா ஒரு தடவை தண்ணி உள்ள போனா வெளியவே வராது. என் தேர்வு வலைத்துணி ஷூவும் மெல்லிசு கம்பளி சாக்ஸும். தடி சாக்ஸ் போட்டு ஷூ இறுகினா ரத்த ஓட்டம் குறைஞ்சு கால் இன்னும் குளிரும்.

நனைஞ்ச ஷூவை டிரையர்ல போடாதீங்க, ஒட்டுப் பசை விட்டுடும். உள்சோலை உருவித் தனியா வைங்க, நாக்கை முழுசா இழுத்துத் திறங்க, உள்ள காகிதம் திணிங்க, ஒரு மணி நேரம் கழிச்சு அந்தக் காகிதத்தை மாத்துங்க. இந்த ரெண்டாவது மாத்தலை விட்டுட்டுத்தான் காலையில காயலேன்னு புலம்புறாங்க. அப்புறம் அறை ஏசியில ஃபேன் ஓட விட்டு, அது முன்னாடி சாய்ச்சு வைங்க.

ரெண்டுபிள்ளைஅம்மா:
சாக்ஸ் கணக்கு: நாளைக்கு ஆளுக்கு ரெண்டு ஜோடி, பையனுக்கு மூணு.

மாத்துத் துணியை ஆள்வாரியா ஜிப் பையில போடுங்க: பேன்ட் 1, டீஷர்ட் 1, உள்ளாடை 1, சாக்ஸ் 1. காத்தை அமுக்கி மூடினா தட்டையாயிடும். நனைஞ்சதை அதே பையில போட்டு மூடலாம், மத்தது நனையாது. பகல் பையில பாப்பாவுக்கு ரெண்டு, பையனுக்கு ஒண்ணு, பெரியவங்களுக்கு சாக்ஸ் மட்டும்.

மொத்தத் துணியை நாலு நாளுக்கு எடுங்க, ஏழு நாளுக்கு வேண்டாம். ஹோட்டல்ல துவைக்கும் மெஷின் இருக்கும், பதிவு பண்ணும்போதே கேட்டுக்கங்க. ஃப்ளீஸை டிரையர்ல குறைஞ்ச சூட்டுல போடுங்க. அதிக சூட்டுல மேற்புறம் மணிமணியா சுருண்டுடும்.

வாடைக்காற்று:
சின்னச் சின்னதா விட்டுப்போனது:

மஃப்ளர் வேண்டாம், வேக ரைடுல கழட்டச் சொல்லுவாங்க. குழாய் மாதிரி கழுத்துல மாட்டுறது எடுங்க, காதையும் மூடும், மடிச்சா பாக்கெட்ல போயிடும்.

கையுறை தொடுதிரையில வேலை செய்யறதா இருக்கட்டும். டிக்கெட், லைன் முன்பதிவு, சாப்பாடு ஆர்டர் எல்லாம் ஃபோன்லதான். ஸ்ட்ரோலர் கைப்பிடியும் காலையில ஐஸ் மாதிரி இருக்கும். பாப்பாவுக்கு விரல் பிரியாத கையுறை, ரெண்டையும் இணைக்கிற கயிறு மட்டும் வேண்டாம், கழுத்துல சுத்தும்.

ஃப்ரண்ட் போனதும் காத்து வறண்டுடும். உதட்டு பாம், மாய்ஸ்சரைசர், மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு மருந்து. சன்ஸ்கிரீனையும் விடாதீங்க, 13 டிகிரியிலயும் அந்த வெயில் கன்னத்தைச் சிவக்க வைக்கும்.

அனிமல் கிங்டம்ல சஃபாரி வண்டி நாலு பக்கமும் திறந்தது. காலையில மிருகங்கள் சுறுசுறுப்புன்னு எல்லாரும் முதல்ல அதுக்குத்தான் ஓடுவாங்க, அன்னிக்கு மட்டும் பஃபரைக் கழட்டாம ஏறுங்க. சூரியன் ஏழேகாலுக்குத்தான் உதிக்கும். ஒன்பது மணிக்குத் திறக்கிற பார்க்குக்கு எட்டு மணிக்கே வாசல்ல நிக்கிறவங்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் நாளோட மோசமான நேரம். குல்லாவும் கையுறையும் அதுக்குத்தான்.

கடைசிபெஞ்ச்:
கழட்டினது எல்லாம் கடைசியில எங்கதான் போகுது? லாக்கரா?

மூட்டைமுடிச்சு:
டிஸ்னியில நுழைவாயில்கிட்ட வாடகை லாக்கர் இருக்கு. பதினொரு மணிக்கு நீங்க பார்க்கோட கடைசி மூலையில இருப்பீங்க, திரும்பி நடக்க யாருக்கும் மனசு வராது. அதனால ஸ்ட்ரோலர் கூடையில 20 லிட்டர் மடக்குப் பை ஒண்ணைக் காலியா வைங்க. காலையில அது ஒண்ணுமில்லாம இருக்கும், மதியம் எல்லா ஃப்ளீஸும் விண்ட்சீட்டரும் அதுல. பையோட அளவு வரம்பு 24, 15, 18 அங்குலம், அதைத் தாண்டவே மாட்டீங்க. பாஸ்போர்ட், பர்ஸ், ஃபோனை அதுல போடாதீங்க, ஸ்ட்ரோலர் வெளியதான் நிக்கும்.

யுனிவர்சல்ல கணக்கு வேற. ஹல்க், வெலாசிகோஸ்டர் மாதிரி ரைடுங்களுக்கு மெட்டல் டிடெக்டர் தாண்டித்தான் போகணும், பாக்கெட்ல ஃபோன்கூட இருக்கக் கூடாது. ரைடு பக்கத்துலயே சின்ன லாக்கர் இலவசம். ஆனா அது சின்னது. ரெண்டு தடி ஜாக்கெட்டைத் திணிச்சா கதவு மூடாது. நான் முதல்லயே சொன்ன ஒரு லிட்டர் பாட்டில் விதி அங்கதான் கைகொடுக்கும்.

ப்ளூசட்டை:
சரி, ஒத்துக்கறேன். கையைச் சூடாக்குற பாக்கெட் விக்குதே, அது உதவுமா? விமானத்துல விடுவாங்களா?

சக்கரவண்டி:
காத்து பட்டுச் சூடாகிறது, உள்ள இரும்புத்தூள் இருக்கறது, அதை எடுத்துட்டுப் போகலாம். பிரிச்சதும் பதினஞ்சுலேருந்து முப்பது நிமிஷம் ஆகும் சூடேற, அதனால பார்க்கிங்ல இறங்கும்போதே பிரிச்சு லேசா குலுக்குங்க. மாமியாருக்குக் கையுறைக்கு வெளியே, ஜாக்கெட் பாக்கெட்ல. நேரடியா தோல்ல வேண்டாம், வயசானவங்களுக்குச் சுடுறது தெரியாமலே கொப்புளம் வரும். பாப்பாகிட்ட குடுக்கவே குடுக்காதீங்க. பத்து மணிக்கு வெயில் வந்ததும் ஜிப் பையில போட்டு, காத்தை முழுக்க அமுக்கி மூடிடுங்க. காத்து இல்லேன்னா வேதிவினை நின்னுடும், சாயங்காலம் திறந்தா மிச்சச் சூடு கிடைக்கும்.

பேட்டரில சூடாகிறதை செக்-இன் பெட்டியில போடாதீங்க. லித்தியம் உள்ள எந்த உபரி பேட்டரியும், பவர் பேங்க்கும் கேபின் பையிலதான். 100 வாட் மணிக்குள்ள இருந்தா கேள்வி இல்லை. 10,000 எம்ஏஎச்னா 37 வாட் மணி, அப்படி ரெண்டு எடுத்தா அஞ்சு பேருக்குப் போதும்.